பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ் மாட்டுறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீட்டு கார் ஷெட்ல எம்ஜி, டிரையம்ப்னு பழைய இங்கிலீஷ் ரெண்டு சீட்டு வண்டி வச்சிருக்கவங்க, கூடவே ஹெரால்டும் பழைய அம்பாசடரும் வச்சிருக்கவங்க, திரும்பத் திரும்ப கேக்குறது இந்த ஆயில் பிரஷர் கேஜ், அதாவது எஞ்சின் ஆயில் எவ்வளவு அழுத்தத்துல ஓடுதுன்னு முள்ளுல காட்டுற மீட்டர் பத்திதான். ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி மாளல, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதுறேன். மத்ததை விட்டாலும் மரை பத்தியும் டியூப் பத்தியும் இருக்க பதிலை மட்டும் படிச்சிட்டு ஸ்பானரை எடுங்க.

டாஷ்போர்டுல சிவப்பு ஆயில் லைட்தான் இருக்கே, அப்புறம் எதுக்கு கேஜ்?

அந்த லைட்டு எரியுறப்ப பிரஷர் கிட்டத்தட்ட தீர்ந்து போயிருக்கும். எஞ்சின் பிளாக்ல இருக்க சுவிட்ச் பொதுவா 4ல இருந்து 8 பிஎஸ்ஐக்குள்ள (பிஎஸ்ஐங்கிறது பிரஷர் அளக்குற அலகு) இறங்குனாத்தான் லைட்டை எரிய விடும். எம்ஜியோட எம்ஜிபி மாடல் எஞ்சின் சூடா ஓடுறப்ப 50ல இருந்து 80 பிஎஸ்ஐ இருக்கணும். 60 காட்ட வேண்டிய எஞ்சின் 20க்கு வந்துட்டாலும் லைட் அணைஞ்சேதான் இருக்கும், நீங்களும் திருப்பத்தூர் ரோட்டுல 70 கிலோமீட்டர் வேகத்துல போய்க்கிட்டே இருப்பீங்க, உள்ள பேரிங் தேய்ஞ்சுக்கிட்டே இருக்கும்.

நம்ம பக்கம் இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. இங்க வண்டி வருஷம் பூரா ஓடுறதில்ல. பிள்ளைங்க சென்னைலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாங்க, கல்யாணம், சாந்தி, படைப்புன்னு ஊருக்கு வந்தாத்தான் ஷெட் கதவே திறக்கும். அத்தனை மாசம் நின்ன எஞ்சின்ல பேரிங்ல இருந்த ஆயில் எல்லாம் வடிஞ்சு சம்புக்கு, அதாவது எஞ்சின் அடில இருக்க ஆயில் தொட்டிக்கு, போயிருக்கும். ஸ்டார்ட் பண்ணுன முதல் பத்து செகண்டு ரொம்ப முக்கியம், அந்த நேரத்துல ஆயில் மேல ஏறுதா இல்லையான்னு கேஜ் முள்ளு ஏறுற விதத்துலயே தெரிஞ்சிடும்.

எலெக்ட்ரிக் கேஜ் மாட்டுனா ஆகாதா? வயர் ஒன்னு இழுத்தா போதுமே?

ஆகும், தப்பில்ல. ஆனா பழைய வண்டிக்கு நான் மெக்கானிக்கலைத்தான் சொல்வேன். எலெக்ட்ரிக்ல பிரஷரை அளந்து அனுப்புற சென்டிங் யூனிட், வயர், எர்த், வோல்டேஜ் இத்தனையும் சரியா இருந்தாத்தான் முள்ளு உண்மை பேசும். அறுபது எழுபது வருஷ வயர்ல எர்த் எங்க விட்டிருக்குன்னு தேடுறதே தனி வேலை. மெக்கானிக்கல்ல எஞ்சின் ஆயிலே ஒரு மெல்லிசு டியூப் வழியா கேஜுக்குள்ள வந்து அழுத்துது. உள்ள இருக்கது போர்டன் டியூப், பிரான்ஸ்காரர் யூஜின் போர்டன் 1849ல பேட்டன்ட் எடுத்தது, இன்னைக்கு வரைக்கும் கேஸ் சிலிண்டர் மீட்டர்ல, பாய்லர் மீட்டர்ல எல்லாம் அதே சங்கதிதான். தட்டையா அமுக்கி சி மாதிரி வளைச்ச குழாய், ஒரு முனை மூடியிருக்கும். உள்ள அழுத்தம் ஏறுனா வளைவு நிமிரப் பார்க்கும், திருவிழாக் கடைல பிள்ளைங்க ஊதுனா சுருள் நீளுற பீப்பி இருக்குல்ல அதே மாதிரி. அந்த நிமிர்ற அசைவை சின்ன பல்சக்கரம் முள்ளுக்கு கொண்டுபோகும், அவ்வளவுதான். பேட்டரி செத்திருந்தாலும் காட்டும்.

கெடுதலும் ஒன்னு உண்டு, மறைக்கக் கூடாது. சூடான ஆயில் டாஷ்போர்டு வரைக்கும் வருது. டியூபையும் யூனியனையும் (டியூபை இணைக்கிற நட்டு ஜாயின்ட்) ஏனோதானோன்னு மாட்டுனா உங்க கால்ல கொட்டும், இல்ல சூடான எக்சாஸ்ட் மேனிஃபோல்டுல பீச்சும். அதை ஒழுங்கா பண்ணத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

என் வண்டில கம்பெனியே கேஜ் குடுத்திருக்குமா?

எம்ஜி டிசி, டிடி, எம்ஜிஏ எல்லாத்துலயும் கேஜ் உண்டு. எம்ஜிபிலயும் உண்டு, பெரும்பாலும் மெக்கானிக்கல். 1968ல இருந்து 1971 வரை அமெரிக்காவுக்குப் போன எம்ஜிபிக்கு மட்டும் எலெக்ட்ரிக் குடுத்தாங்க. டிரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கு லைட் மட்டும்தான், அதனால அதிகமா இந்த வேலை வர்றது ஸ்பிட்ஃபயருக்கும் அதோட சொந்தக்கார வண்டி ஹெரால்டுக்கும்தான். ஸ்பிட்ஃபயர் ஹெரால்டு சேசிஸ்ல இருந்து பிறந்த வண்டி, ஹெரால்டை நம்ம மெட்ராஸ்லயே ஸ்டாண்டர்ட் மோட்டார் பண்ணுனாங்க, அதனால இந்த எஞ்சினைப் பிரிச்ச கை இன்னமும் நம்ம ஜில்லாவுல அங்கங்க இருக்கு.

எம்ஜிபி வச்சிருக்கவங்களுக்கு ஒரு ஆறுதல். அதுல இருக்க 1798 சிசி எஞ்சினும் பழைய அம்பாசடரோட 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் ஒரே பிஎம்சி பி சீரிஸ் குடும்பம். தேவகோட்டைல அம்பாசடர் பார்த்துப் பழகுன வயசான மிஸ்திரிக்கு எம்ஜிபி பிளாக்கைக் காட்டுனா ஆயில் எந்த வழியா ஓடுதுன்னு உடனே சொல்லிடுவாரு. ஆங்கிலத்துல மேனுவல் படிச்ச பையனை விட அவர் பேச்சைக் கேளுங்க.

ஆயிலை எங்க இருந்து எடுக்கணும்?

மெயின் ஆயில் கேலரில இருந்து, அதாவது பம்பும் ஃபில்டரும் தாண்டி பேரிங்குக்குப் போற பாதைல இருந்து. லைட் சுவிட்ச் மாட்டியிருக்க ஓட்டைதான் சுலபமான இடம். எஞ்சின் மேல வால்வை ஆட்டுற ராக்கர் ஷாஃப்டுக்குப் போற பைப்ல இருந்து எடுக்காதீங்க, அங்க பிரஷர் எப்பவும் குறைவா இருக்கும், சும்மா பயந்துக்கிட்டே வண்டி ஓட்ட வேண்டியதா போயிடும்.

மரை சைஸ் எது? அடாப்டர் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கே?

இந்த வேலைல பிளாக்கே நாசமாகுறது இந்த இடத்துலதான், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

மூனு மரை இருக்கு, மூனும் சுமாரா 10 எம்எம் தடிமன். ஒன்னு 1/8 பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் மரை), இஞ்சுக்கு 28 மரை, 55 டிகிரி. ரெண்டு 1/8 என்பிடி (அமெரிக்கன் பைப் மரை), இஞ்சுக்கு 27 மரை, 60 டிகிரி. மூனாவது எம்10 மெட்ரிக், பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி, 1 எம்எம். பிட்ச் கணக்குப் பார்த்தா பிஎஸ்பி 0.907 எம்எம், என்பிடி 0.941 எம்எம். ஒரு மரைக்கு முடி அளவு கூட வித்தியாசம் இல்ல, அதனால தப்பான நிப்பிளும் (பிளாக்ல திருகுற மரைத் துண்டு) ரெண்டு மூனு சுத்து சுகமா உள்ள போகும், அதுக்கப்புறம்தான் இறுகும். "சரி, டைட்டாத்தானே வருது"ன்னு ஸ்பானர் போட்டு இழுத்தா பிளாக்குல இருக்க மரை வழிச்சிக்கிட்டு வந்திடும், இல்ல அந்த இடத்துல வார்ப்பே விரிசல் விடும்.

பழைய இங்கிலீஷ் வண்டி, ஜப்பான் வண்டின்னா பிஎஸ்பி வகை மரை வர வாய்ப்பு அதிகம், ஐரோப்பா வண்டின்னா எம்10 அதிகம், கடைல விக்கிற அமெரிக்கன் ஸ்டைல் கேஜ் கிட்ல வர்றது என்பிடி. ஆனா ஊகத்துல போகாதீங்க, நடுவுல யாரு எதை மாத்துனாங்கன்னு யாருக்குத் தெரியும். பழைய சுவிட்சைக் கழட்டி நல்லா துடைச்சு அதுமேல மரை கேஜை வைங்க. மரை கேஜ்னா பல் பல்லா தகடு அடுக்கியிருக்குமே அது, லேத் பட்டறைல எல்லாம் இருக்கும். தகட்டையும் மரையையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க. சரியான தகடுன்னா இடையில கொஞ்சம் கூட வெளிச்சம் தெரியாது. 27 தகட்டை 28 மரைல வச்சா நடுவுல பொருந்துற மாதிரி இருக்கும், ரெண்டு ஓரத்துலயும் மெல்லிசா வெளிச்சம் வரும். அந்த ஓர வெளிச்சத்தைத்தான் தேடணும்.

அப்புறம் மரை சாய்வா நேரான்னும் பாருங்க. மேல இருந்து கீழ சிறுத்துக்கிட்டே வந்தா சாய்வு மரை, அது மரையிலயே சீல் ஆகும், வாசர் வேணாம், அளவுக்கு மீறி இறுக்கக் கூடாது, அது ஆப்பு மாதிரி வார்ப்பைப் பிளக்கும். நேர் மரைன்னா அடில செம்பு வாசரோ ரப்பர் ஒட்டுன சீல் வாசரோ கட்டாயம். பழைய செம்பு வாசரைத் திரும்பப் போடுறதா இருந்தா சிவக்கச் சுட்டு தண்ணில போட்டு எடுங்க, மெதுவாகி நல்லா உக்காரும்.

தெரிஞ்ச ஒருத்தர் வண்டில ஒரு பட்டறைக்காரர், நிப்பிள் போகலைன்னு பிளாக்குலயே மரை வெட்டுற கருவியை விட்டு என்பிடி மரை வெட்டிட்டாரு. இருந்த மரையும் போச்சு, வெட்டுன தூள் கேலரிக்குள்ளயும் போச்சு, கடைசில எஞ்சினையே இறக்க வேண்டியதாப் போச்சு. பிளாக்கைத் தொடாதீங்க. இந்தப் பக்கம் பிளாக் மரை, அந்தப் பக்கம் கேஜ் மரைன்னு ஒரு பித்தளை அடாப்டர் கடைஞ்சு வாங்குங்க, காரைக்குடில நல்ல லேத்துக்காரர் அரை நாள்ல போட்டுக் குடுத்திடுவாரு.

டெஃப்லான் டேப் சுத்தலாமா?

வேணாம். பிளம்பிங் வேலைக்கு சரி, இங்க அந்த டேப் நார் பிஞ்சு கேலரிக்குள்ள போனா பேரிங்குக்குப் போற சின்ன ஓட்டையை அடைச்சிடும். சாய்வு மரைக்கு ஆயில் தாங்குற திரவ சீலன்ட், அதையும் முனைல இருக்க ரெண்டு மரையை விட்டுட்டு மேலதான் தடவணும். சுவிட்சுக்கு எர்த்தே அந்த மரை வழியாத்தான் கிடைக்குது, டேப்பைக் கனமா சுத்துனா லைட்டும் எரியாமப் போகலாம்.

கேஜ் மாட்டுனா சிவப்பு லைட்டை எடுத்திடலாமா?

எடுக்காதீங்க. டி மாதிரி மூனு வழி ஜாயின்ட் போட்டு ரெண்டையும் வைங்க. ஓட்டுறப்ப முள்ளை எப்பவும் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது, லைட்டு கண்ணுல அறையும். டி பித்தளைலயோ ஸ்டீல்லயோ நல்ல கனமா இருக்கட்டும், அதுல கனமான எதையும் தொங்க விடாதீங்க, எஞ்சின் அதிர்வுல கழுத்து ஒடிஞ்சிடும்.

டியூப் எது நல்லது, செம்பா நைலானா?

கிட்ல வர்றது பெரும்பாலும் 1/8 இஞ்சு நைலான் டியூப். சுலபமா வளையும், விலையும் குறைவு. ஆனா மேனிஃபோல்டு பக்கம் போனா உருகும், வயசானா காஞ்சு உடையும். நம்ம ஊரு மே மாசத்துல பானெட்டுக்குள்ள இருக்க சூட்டை நினைச்சுப் பாருங்க.

செம்பு சூடு தாங்கும், ஆனா அதிர்வு தாங்காது. எஞ்சின் ரப்பர் மவுண்ட்ல ஆடுது, பாடி ஆடாம நிக்குது, நடுவுல இருக்க செம்பு தினமும் வளைஞ்சு நிமிர்ந்து கடினமாகி ஒரு நாள் யூனியன் ஓரத்துலயே வெட்டுன மாதிரி விடும். அதனாலதான் எம்ஜிபில கம்பெனிக்காரனே எஞ்சின்ல இருந்து ஒரு ரப்பர் ஹோஸ், அதுக்கப்புறம் பாடியோட போற மெல்லிசு மெட்டல் பைப்னு ரெண்டாப் பிரிச்சு வச்சான். அந்த யோசனையை அப்படியே காப்பி அடிங்க. பிளாக்ல இருந்து ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்க தகடு) வரைக்கும் ஸ்டீல் வலை பின்னுன டெஃப்லான் ஹோஸ், ஃபயர்வால்ல ஒரு யூனியன், அங்க இருந்து கேஜுக்கு செம்பு. செம்பு மட்டும்தான்னா எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல ரெண்டு மூனு சுருள் விட்டு மாட்டுங்க, அந்த சுருள் அதிர்வை வாங்கிக்கும்.

போற வழி: எக்சாஸ்ட்ல இருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம், ஸ்டியரிங் ராடும் பெடலும் எங்கயும் தொடக் கூடாது, ஃபயர்வால் ஓட்டைல ரப்பர் கிராமெட் கட்டாயம். 60 பிஎஸ்ஐல டியூப் பிச்சுக்கிட்டா ஆயில் கசியாது, பீச்சும். சிவக்கக் காஞ்ச மேனிஃபோல்டுல அது பட்டா தீதான். இதுல காசைப் பார்க்காதீங்க, கேஜுக்கு ஆகுற செலவை விட ஹோஸுக்கு அதிகம் ஆனாலும் பரவால்ல.

டாஷ்போர்டுல ஓட்டை போட மனசு வரல அண்ணே, வேற வழி?

போடவே போடாதீங்க தம்பி. அந்த வண்டியோட ஒரிஜினல் டாஷ்போர்டு திரும்பக் கிடைக்காது. 52 எம்எம் கேஜுக்கு டாஷ்போர்டு அடில ஒரு தகடு பிராக்கெட் அடிச்சு தொங்க விடலாம், இருக்க ஸ்குரூ ஓட்டையிலயே பிடிக்கிற மாதிரி பண்ணுங்க. தேக்குல சின்னப் பலகை பண்ணி மாட்டுனாலும் அழகா இருக்கும், நம்ம ஊர் ஆசாரிங்களுக்கு இது ஒரு மணி நேர வேலை.

கேஜ் பின்னாடி யூனியன்ல லீக் ஆகுது, எவ்வளவு இறுக்கியும் நிக்கல.

பழைய ஸ்மித்ஸ் கம்பெனி கேஜ்னா யூனியனுக்குள்ள ஒரு குட்டி தோல் வாசர் இருக்கணும். கழட்டுறப்ப அது கேஜ்லயே ஒட்டிக்கிட்டு இருக்கும், கருப்பா பிசின் மாதிரி, அழுக்குன்னு நினைச்சு சுரண்டி எறிஞ்சிடுவாங்க, அப்புறம் உலோகத்தோட உலோகம் வச்சு எவ்வளவு இறுக்குனாலும் நிக்காது, யூனியன்தான் கெடும். நல்ல தோல்ல அந்த அளவுக்கு வட்டம் வெட்டி நடுவுல ஓட்டை போட்டு ராத்திரி எஞ்சின் ஆயில்ல ஊறப் போட்டு காலைல மாட்டுங்க. கையால இறுக்கி அதுக்கு மேல கொஞ்சம் ஸ்பானர், போதும்.

புது கிட்ல தோல் இல்ல, பித்தளை ஃபெரூல், அதாவது டியூப் மேல மாட்டுற சின்ன வளையம், இருக்கும். அதை ஒரு தடவை இறுக்குனா டியூபைக் கவ்விக்கும், திரும்பக் கழட்டி மாட்டுறப்ப புது ஃபெரூல் போடுறது நல்லது. ஸ்பானர் ரெண்டு வேணும், ஒன்னு கேஜ் கழுத்தைப் பிடிக்க, ஒன்னு நட்டைத் திருக. ஒத்த ஸ்பானர்ல திருகுனா உள்ள இருக்க போர்டன் டியூபையே முறுக்கிடுவீங்க.

கேஜ் பல்பு, பாசிட்டிவ் எர்த் வண்டில வேலை செய்யுமா?

சாதா இழை பல்புக்கு எந்தப் பக்கமும் ஒன்னுதான். எல்இடி போட்டாத்தான் திசை பார்க்கணும். எம்ஜிபி 1967 வரைக்கும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பிளஸ் முனை பாடில இணைஞ்சிருக்கும்.

மாட்டி முடிச்சாச்சு. முதல் ஸ்டார்ட் எப்படி?

சாவியை நேரா திருப்பாதீங்க. பிளக் நாலையும் கழட்டி, காயில் வயரைப் பிடுங்கி வச்சிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் பத்து பத்து செகண்டா சுத்த விடுங்க, நடுவுல ஸ்டார்ட்டர் ஆற இடம் குடுங்க. பிளக் இல்லாததால எஞ்சின் லேசா சுத்தும், பேரிங்ல சுமை இருக்காது, பம்பு ஆயிலை இழுக்கும். முள்ளு சீரோவை விட்டு நகர்ற வரைக்கும் இதைத்தான் பண்ணணும். மாசக்கணக்கா நின்ன வண்டிக்கு கேஜ் மாட்டாட்டிக் கூட இதே மாதிரித்தான் எழுப்பணும்.

டியூப்ல காத்து இருக்கேன்னு கவலை வேணாம், காத்து இருந்தாலும் பிரஷர் சரியாத்தான் காட்டும், முள்ளு கொஞ்சம் மெதுவா ஏறும் அவ்வளவுதான். எடுத்தே ஆகணும்னா கேஜ் பின்னாடி நட்டை அரை சுத்து தளர்த்தி, துணி பிடிச்சு, சுத்த விட்டு ஆயில் வந்ததும் இறுக்குங்க.

அப்புறம் பிளக் மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க, ரேஸ் பண்ணாதீங்க. பத்து செகண்டுல முள்ளு ஏறலைன்னா உடனே ஆஃப். ஏறிடுச்சுன்னா ஐடில்ல விட்டு ஒரு ஆள் பானெட் பக்கம், ஒரு ஆள் டாஷ்போர்டு அடில டார்ச் அடிச்சு எல்லா ஜாயின்ட்டையும் காஞ்ச டிஷ்யூ பேப்பரால தொட்டுப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத கசிவு பேப்பர்ல தெரியும். நல்லா சூடான பிறகு இன்னொரு தடவை.

எவ்வளவு காட்டுனா சரி?

எம்ஜிபி சூடா இருக்கப்ப ஓட்டத்துல 50ல இருந்து 80, ஐடில்ல 10ல இருந்து 25. ஸ்பிட்ஃபயர் சூடான பிறகு 2000 ஆர்பிஎம்ல 40ல இருந்து 60. மத்த வண்டிக்கு பொதுக்கணக்கு, 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐயாவது இருக்கணும்னு சொல்வாங்க. கேஜ் 0-100 வாங்குங்க. பார்ல இருந்தா ஒரு பாருக்கு 14.5 பிஎஸ்ஐன்னு பெருக்கிக்கோங்க.

குளிர்ச்சியா இருக்கப்ப 70ம் 80ம் காட்டுறதைப் பார்த்து சந்தோஷப்படாதீங்க, ஆயில் கெட்டியா இருக்கதால வர்ற பிரஷர் அது. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வரைக்கும் ஓட்டி வந்து மதிய வெயில்ல ஐடில்ல நிக்கிறப்ப என்ன காட்டுதோ அதுதான் எஞ்சினோட நெசமான உடம்பு. அதை ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வைங்க. ஒரு நாள் நம்பரை வச்சு ஒன்னும் சொல்ல முடியாது, போன வருஷம் 20 இருந்தது இந்த வருஷம் 12ன்னா அதுல விஷயம் இருக்கு.

கேஜ் மாட்டுன பிறகுதான் பிரஷர் கம்மின்னே தெரியுது. எஞ்சினைப் பிரிக்கணுமா?

அவசரப்படாதீங்க. முதல்ல வேற ஒரு நல்ல கேஜ் வச்சு ஒத்துப் பாருங்க. எஞ்சின் ஆஃப்ல முள்ளு சீரோல நிக்குதான்னு பாருங்க.

அடுத்து டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சாலோ, ஊத்தாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, பெட்ரோல் சம்புக்குள்ள இறங்குது. ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு, அம்பாசடர்ல எஞ்சின்ல மாட்டுன மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பு இருக்குல்ல, அதோட டயாஃப்ரம் கிழிஞ்சா நேரா உள்ளதான் போகும். இப்ப வர்ற, 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலுக்கு பழைய ரப்பர் தாங்காது, புது டயாஃப்ரம் போடுறப்ப எத்தனால் தாங்குற ரகமா கேட்டு வாங்குங்க. நீர்த்துப் போன ஆயில்ல வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க.

அப்புறம் ஆயில் கிரேடு. இந்த எஞ்சினுங்களுக்கு நம்ம வெயில்ல 20டபிள்யூ50 மினரல் ஆயில். புதுக் காருக்கு ஊத்துற 5டபிள்யூ30 ஊத்தி வச்சிட்டு பிரஷர் இல்லைன்னு சொல்றவங்க நிறைய. அதுக்கும் அப்புறம் பிரஷர் அதிகமானா ஆயிலைத் திருப்பி விடுற ரிலீஃப் வால்வு, அதுல துகள் மாட்டி முழுசா மூடாம இருக்கும், இல்ல ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஸ்பிரிங்குக்கு அடில வாசர் மேல வாசர் போட்டு முள்ளை மட்டும் தூக்கிக் காட்டுற வேலையைப் பண்ணாதீங்க. பம்பு குடுக்குறது ஓட்டத்தை, அந்த ஓட்டத்தைப் பேரிங் இடுக்கு தடுக்கிறதுலதான் பிரஷரே வருது, இடுக்கு பெருசாயிட்டா வாசர் போட்டு அதை சின்னதாக்க முடியாது. இதெல்லாம் பார்த்தும் ஐடில்ல கம்மின்னா, சம்பை இறக்கி பேரிங் ஷெல்லைப் பாருங்க. ஷெல் மட்டும் மாத்துற கட்டத்துல பிடிச்சிட்டீங்கன்னா கிராங்க் பிழைச்சிடும்.

முள்ளு தடதடன்னு ஆடுது.

அடாப்டருக்குள்ள ரெஸ்ட்ரிக்டர் இல்ல. 1 எம்எம் ஓட்டை போட்ட சின்ன பித்தளைத் துண்டு, அடாப்டர் கடையுறப்பவே லேத்துக்காரர் கிட்ட சொல்லிடுங்க. இன்னொரு லாபம், டியூப் பிச்சுக்கிட்டாலும் ஆயில் அந்த ஓட்டை வழியாத்தான் வர முடியும், வண்டியை ஓரங்கட்ட நேரம் கிடைக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைல ஒரு ஸ்மித்ஸ் கேஜ் பார்த்தேன், வாங்கலாமா?

டயலும் பித்தளை வளையமும் பார்க்க அழகா இருக்கும், எனக்கும் அந்தத் தெருவுல போனா கால் நகராது. முள்ளு சீரோல நிக்கலைன்னா எப்பவோ அதிக பிரஷர் வாங்குன கேஜ், விட்டுடுங்க. நின்னா வாங்கி, வண்டில மாட்டுறதுக்கு முன்னாடி டயர் கடை கம்ப்ரசர்ல ஒரு நல்ல மீட்டரோட சேர்த்து 20, 40, 60னு வச்சு ஒத்துப் பாருங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை என்ன பார்க்கணும்?

ரப்பர் ஹோஸா இருந்தா வளைச்சுப் பாருங்க, மேல பொடி வெடிப்பு தெரிஞ்சா அன்னைக்கே மாத்துங்க, வெடிப்பு இல்லாட்டியும் ஓடாம நிக்கிற வண்டில அஞ்சாறு வருஷத்துக்கு மேல நம்பாதீங்க. செம்பு பைப்ல கிளிப் பிடிச்ச இடத்துல தேய்ஞ்சிருக்கான்னு விரல் நகத்தால தடவிப் பாருங்க. ஷெட்ல எலி இருந்தா நைலான் டியூபைக் கடிச்சிடும், செட்டிநாட்டு வீட்டு ஷெட்ல இது சாதாரணம், அதனால வண்டியை எழுப்புறதுக்கு முன்னாடி டாஷ்போர்டு அடிலயும் பானெட்டுக்குள்ளயும் டியூபை முனைல இருந்து முனை வரைக்கும் ஒரு தடவை கையால தொட்டுக்கிட்டே போய் பார்த்திடுங்க.